மாவட்ட முதலிடம்: லின் ஹுவா

பிறக்காத ஒரு மாணவனுக்கு இங்கிலீஷில் மாவட்ட முதலிடம் வாங்கிக் கொடுத்த பள்ளிக்கூடத்தில் நான் வேலை பார்த்தேன். அவனுக்குச் சாப்பாட்டு அட்டை போட்டுக் கொடுத்ததே நான்தான். அந்த அட்டையில் அவன் பன்றிக்கறி நூடுல்ஸ் சாப்பிட்டுச் சாப்பிட்டு ஒரே பருவத்தில் கன்னம் உப்பிப் போய், சீருடையை ஒரு அளவு பெரிதாக மாற்றித் தர வேண்டியதாயிற்று. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். ஓய்வு பெற்றவனிடம் ஆதாரம் கேட்பது நாகரிகமில்லை.

எங்கள் ஊரில் எல்லோரும் நம்பினார்கள். பள்ளி முதல்வர் நம்பினார். மாவட்டக் கல்வி அலுவலகம் நம்பியது. சந்தையில் டோஃபு விற்கிறவர்கூட தன் பையனைத் திட்டும்போது லின் ஹுவாவின் பெயரைச் சொல்லித்தான் திட்டினார். நம்பாதவர் ஊரிலேயே ஒருவர்தான். பள்ளிக்கூடத்துக்கு எதிரே மின்ஸ்கூட்டர் பழுது பார்க்கும் கோங். அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் இடத்தில் நான் இருந்திருந்தாலும் கொஞ்சம் தயங்கியிருப்பேன்.

நான் தேர்வுப் பிரிவில் எழுத்தன். கேள்வித்தாள் அச்சடிப்பது, கட்டுவது, மை காய்வதற்குள் அடுத்ததை அச்சடிப்பது என் வேலை. நாங்கள் அடித்த தாள்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தால் நிலாவுக்கே போய், அங்கே ஒரு மாதிரித் தேர்வு நடத்திவிட்டு மதியச் சாப்பாட்டுக்குத் திரும்பியிருக்கலாம்.

எங்கள் பள்ளியில் யாரும் இங்கிலீஷ் பேசியதில்லை. பேச்சுக்கு மதிப்பெண் கிடையாது. இலக்கணம் உண்டு, சொல் உண்டு, வாசிப்பு உண்டு, கட்டுரை உண்டு. காலையில் பிள்ளைகள் மைதானத்தில் ஒருவர் முதுகோடு ஒருவர் மூக்கு உரச வரிசையாக ஓடுவார்கள். ஓடும்போது கையில் சொல்லட்டை. சொல் பட்டியலின் முதல் சொல்லுக்குக் 'கைவிடு' என்று பொருள். பிள்ளைகளுக்குக் கடைசிவரை மறக்காத சொல் அதுதான். மைதானத்து மரத்தில் இருந்த சிட்டுக்குருவிகள் அந்தப் பட்டியலை அகரவரிசை மாறாமல் கத்தும். ஒரு குருவி மட்டும் நடுவில் ஒரு சொல்லை விட்டுவிட்டது. அடுத்த நாள் அது வரவில்லை.

பெய் டீச்சர்தான் மூன்றாமாண்டு ராக்கெட் வகுப்புக்கு இங்கிலீஷ் நடத்தினார். ராக்கெட் வகுப்பு என்றால் முதல் வரிசைப் பிள்ளைகள் இருக்கும் வகுப்பு. மேல் மாடியில், ஏசி போட்ட அறை. பெய் டீச்சர் நல்ல மனுஷி. குரல் மட்டும் போய்விட்டது. கழுத்தில் ஒரு சின்ன ஒலிபெருக்கியை மாட்டிக்கொண்டு பேசுவார்.

"பத்தியை வாசிக்காதீங்க," என்பார். "வாசிச்சா புரியும். புரிஞ்சா யோசிப்பீங்க. யோசிச்சா மணி அடிச்சிரும். முதல்ல கேள்வியைப் பாருங்க. கேள்வியில இருக்கிற சொல்லு பத்தியில எங்க இருக்குன்னு தேடுங்க. அதுக்குப் பக்கத்து வரியில விடை இருக்கும். எடுத்துக்கிட்டு வெளிய வந்துருங்க."

ஒரு பையன் எழுந்து கேட்டான்: "டீச்சர், அந்தத் திமிங்கலம் கடைசியில பொழைச்சுதா?"

"எந்தத் திமிங்கலம்?"

"இந்தப் பத்தியில வர்றது."

பெய் டீச்சர் தாளைப் புரட்டிப் பார்த்தார். பத்து வருஷமாக நடத்துகிற பத்தி. "அதைக் கேக்கலையேடா," என்றார். "எழுதினவரோட மனநிலை என்னன்னுதான் கேட்டிருக்காங்க. மனநிலைன்னு வந்தா 'சி' போடு. உக்காரு."

கையெழுத்தும் அப்படித்தான். மதிப்பெண் போடுகிறவர் கண்ணுக்கு இதமாக இருக்க வேண்டும் என்று, குண்டு குண்டாக, நேராக, ஆவியில் வேகவைத்த பன்களை வரிசையாக வைத்த மாதிரி எழுதப் பழக்கியிருந்தோம். ஆறாயிரம் பிள்ளைகள், ஒரே கையெழுத்து. இதில் ஒழுங்குக் குழுவுக்கு மட்டும் நஷ்டம். காதல் கடிதம் பிடிபட்டால் எழுதியவன் யார் என்று கண்டுபிடிக்க முடியாது. ஒருமுறை அந்தக் கடிதத்துக்கே மதிப்பெண் போட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

கட்டுரைக்கு வருகிறேன். கேள்வி எப்போதும் ஒன்றே. 'நீ லின் ஹுவா. உன் ஆங்கிலேய நண்பன் பீட்டருக்குக் கடிதம் எழுது.' லின் ஹுவா பீட்டரைக் காகிதம் வெட்டும் கலைவிழாவுக்கு அழைப்பான், தேநீர் கற்க அழைப்பான், விளையாட்டுப் போட்டிக்கு அழைப்பான். பீட்டர் ஒருமுறைகூட வந்ததில்லை, பதிலும் போட்டதில்லை. விடைத்தாளில் அதற்கு இடம் விடவில்லை.

கடிதத்தின் அடியில் பிள்ளை தன் சொந்தப் பெயரை எழுதிவிட்டால் தாளே செல்லாது. அடையாளம் காட்டிவிட்டான் என்று அர்த்தம். ஆகவே பெய் டீச்சர் வராந்தாவில், சாப்பாட்டு வரிசையில், கழிவறை வாசலில் எங்கே கண்டாலும் பிள்ளைகளை நிறுத்திக் கேட்பார்.

"யாரு நீ?"

"லின் ஹுவா டீச்சர்."

"நல்லது. போ."

இப்படிப் போன பிள்ளைகளில் ஒருத்திதான் கோங் யான். மெக்கானிக் கோங்கின் ஒரே பெண். அவள் அம்மா தெற்கே ஒரு செருப்பு ஆலையில் வேலை செய்தாள். புத்தாண்டு வசந்தவிழாவுக்கு மட்டும் வருவாள். யான் கெட்டிக்காரி. ஆனால் அந்த ஆண்டு அவளுக்கு நின்றபடியே தூங்கும் பழக்கம் வந்திருந்தது. ஓட்டத்தின் நடுவில் தூங்குவாள். முன்னாலும் பின்னாலும் பிள்ளைகள் நெருக்கமாக ஓடுவதால் விழமாட்டாள். தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. கோங் தினமும் கடை வாசலில் நின்று அவள் வகுப்பு ஜன்னலையே பார்த்துக்கொண்டிருப்பார்.

மாகாண அயல்மொழிக் கல்லூரி எங்கள் பள்ளிக்கு ஒரு இடம் ஒதுக்கியிருந்தது. வசந்தகால மாதிரித் தேர்வில் இங்கிலீஷில் முதலாவதாக வருகிற பிள்ளை ஜூன் மாதக் கல்லூரி நுழைவுப் பெருந்தேர்வு எழுதாமலே அங்கே சேரலாம். ஓட வேண்டாம், சொல்லட்டை வேண்டாம், இரவுப் படிப்பு வேண்டாம்.

"அது கிடைச்சா என்னம்மா செய்வே?" என்று கோங் கேட்டார். அவர் கடையில் என் வண்டிக்கு பிரேக் மாற்றிக்கொண்டிருந்தபோது அது என் காதிலும் விழுந்தது.

"தூங்குவேன்பா," என்றாள்.

மாதிரித் தேர்வு நடந்தது. எங்கள் தாளின் இடது ஓரத்தில் பெயர் எழுதும் பட்டை ஒன்று உண்டு. அதை மடித்து ஒட்டி, திருத்தி முடித்த பிறகே பிரிப்போம். திருத்துகிறவர் யாருடைய தாள் என்று அறியக் கூடாது. திருத்தி முடித்ததும் ஒரு தாள் மற்றவற்றுக்கெல்லாம் மேலே நின்றது. மாவட்டத்தில் எந்தப் பள்ளியிலும் அவ்வளவு வாங்கியவர் இல்லை. முதல்வர் ஓயாங் பட்டை பிரிப்பதற்குச் சிவப்புத் துணி விரித்த தட்டில் கத்தரிக்கோல் கொண்டுவரச் சொன்னார். கொண்டுவந்தது நான். பிரித்தது அவர்.

பட்டையில் குண்டுக் கையெழுத்தில் 'லின் ஹுவா' என்று எழுதியிருந்தது.

பெய் டீச்சரின் முகம் சுண்ணாம்பு மாதிரி ஆயிற்று. அவருக்குப் புரிந்துவிட்டது. பழக்கிய பிள்ளை கடிதத்தின் அடியில் எழுதுகிற பெயரைத் தாளின் தலையிலும் எழுதிவிட்டது.

"யாரு இந்த லின் ஹுவா?" என்றார் முதல்வர். கேட்டுக்கொண்டே கல்வி அலுவலருக்குப் போன் போட்டுவிட்டார். "துவான் ஐயா, சந்தோஷ சேதி. மாவட்ட முதலிடம் நம்ம பள்ளிக்கு. பையன் பேரு லின் ஹுவா. ஆமாங்கய்யா, சின்ன வயசிலேருந்தே எனக்கு நல்லாத் தெரிஞ்ச பையன்." போனை வைத்துவிட்டு டீச்சரைப் பார்த்தார். "எந்த வகுப்பு?"

பெய் டீச்சர் ஒலிபெருக்கியின் ஒலியைக் குறைத்தார். "ராக்கெட் வகுப்புதான் சார்," என்றார். "அமைதியான பையன்."

சாயங்காலத்துக்குள் பள்ளி வாசலில் சிவப்புப் பதாகை ஏறியது. 'மாவட்டத்தில் முதலிடம் பெற்ற எம் மாணவன் லின் ஹுவாவுக்கு மனமார்ந்த வாழ்த்துகள்.' காற்று பலமாக அடித்தால் அந்தப் பதாகை பக்கத்து மாவட்டம் வரைக்கும் பறந்து போய் நிழல் தந்துவிட்டுத் திரும்பும்.

தாள் எண்ணிக்கையும் பிள்ளைகள் எண்ணிக்கையும் ஒத்துவர வேண்டுமே. லின் ஹுவா ஒருவன் கூடிவிட்டதால் ஒரு பெயர் குறைந்தது. கோங் யான், வரவில்லை, பூஜ்யம்.

அடுத்த நாள் காலையே கோங் வந்துவிட்டார். கையில் கிரீஸ். யான் அவர் பக்கத்தில் தூங்கியபடி நின்றாள்.

"என் பொண்ணு பரிச்சைக்கு வந்தாங்கய்யா," என்றார் கோங். "காலையில நான்தான் முட்டை அவிச்சுக் குடுத்து, கேட்டு வரைக்கும் கொண்டாந்து விட்டேன்."

"வந்தவங்க பேரு தாள்ல இருக்கும்," என்றார் முதல்வர்.

"தப்பாப் பேரு எழுதிட்டா. அந்த லின் ஹுவா தாளு அவளோடது. லின் ஹுவான்னு ஒருத்தன் இல்லவே இல்ல."

முதல்வர் வருத்தத்தோடு சிரித்தார். "கோங், நல்லா யோசிச்சுப் பேசுங்க. இல்லாத ஒருத்தனால எப்படி முதல் மார்க் வாங்க முடியும்? நீங்க ஒரு ஸ்கூட்டர்ல லின் ஹுவான்னு பேரு எழுதியிருந்தா அதை யாருக்குக் குடுப்பீங்க?"

"ஓட்டிக்கிட்டு வந்தது யாருன்னு பார்ப்பேன்."

முதல்வர் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு, இது பள்ளிக்கூடம், பட்டறை இல்லை என்று விளக்கினார்.

இருந்தாலும் நாங்கள் நியாயமானவர்கள். தேர்வுக்கூடத்துக் கேமரா பதிவைப் போட்டுப் பார்த்தோம். மணி அடித்ததிலிருந்து முடியும்வரை எல்லாப் பிள்ளைகளும் குனிந்தே இருந்தார்கள். ஒரே மாதிரி வெட்டிய தலைகள் வரிசையாக. முகம் ஒன்றும் இல்லை. கண்காணித்த ஆசிரியரைக் கேட்டோம். விதிப்படி அவர் கைகளை மட்டுமே பார்த்திருந்தார்.

மாவட்ட அலுவலகத்திலிருந்து ஒரு கையெழுத்து நிபுணரை வரவழைத்தோம். அவர் முன்னால் யான் உட்கார்ந்து பீட்டருக்கு ஒரு கடிதம் எழுதினாள். நிபுணர் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். "ரெண்டும் ஒரே கை," என்றார். கோங் மூச்சு விட்டார். உடனே முதல்வர் வகுப்பில் இருந்த மற்ற பிள்ளைகளையும் எழுதச் சொன்னார். அதுவும் ஒரே கை. பெய் டீச்சர் எழுதினார். அதே கை. நிபுணர் தன் அறிக்கையை எழுத ஆரம்பித்தார். பாதியில் நிறுத்தித் தான் எழுதியதையே பூதக்கண்ணாடியால் பார்த்தார். அவர் எங்கள் பள்ளியில் படித்தவர். பேனாவை மூடிவிட்டு, வழக்கு முடிந்தது என்று சொல்லி டீகூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டார்.

"இப்ப நம்புறீங்களா?" என்று முதல்வர் கேட்டார்.

"நம்பலைங்க," என்றார் கோங்.

தேர்வுக்கு வராத குற்றத்துக்காகக் கோங்கின் மகளைக் கீழ்த்தளத்து வகுப்புக்கு மாற்றினோம். அதற்குப் பக்கத்தில் கழிவறை. லின் ஹுவாவுக்கு ராக்கெட் வகுப்பில் ஜன்னலோரம் மேசை போட்டோம். மாணவர் எண் கொடுத்தோம். ஆண்கள் விடுதியில் கீழ்க்கட்டில். சாப்பாட்டு அட்டையைப் பற்றி முன்னமே சொல்லிவிட்டேன். அதில் விடுதிக் காப்பாளர்தான் சாப்பிட்டார் என்று சிலர் வாய் கூசாமல் சொன்னார்கள். அப்படியானால் லின் ஹுவாவின் சீருடை காப்பாளருக்கு எப்படிப் பொருந்தியது என்று நான் திருப்பிக் கேட்டேன். பெரிதாக மாற்றிய பிறகு நன்றாகப் பொருந்தியது.

வருகைப் பதிவில் ஒரு நாள்கூட அவன் விடுபடவில்லை. பெய் டீச்சர் "லின் ஹுவா" என்று கூப்பிட்டால் வகுப்பு மொத்தமும் ஒரே குரலில் "இருக்கேன்" என்றது. யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தலை நிமிராமல், எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல் சொன்னார்கள். பேசாதவன், தாமதமாக வராதவன், மேசையில் கிறுக்காதவன் என்று மாதந்தோறும் நன்னடத்தைக் கொடி அவன் மேசைக்கே போயிற்று. பெற்றோர் கூட்டத்தில் மற்ற பெற்றோர் அவனுடைய காலி நாற்காலியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். "என்ன அடக்கம் பாருங்க," என்று ஒரு அம்மா தன் மகன் தலையில் குட்டினாள்.

பின்தங்கிய பிள்ளைகள் மதிய இடைவேளையில் லின் ஹுவாவின் மேசை முன் நின்று ஊக்கம் பெற வேண்டும் என்று முதல்வர் உத்தரவு போட்டார். அந்த மேசையை யாரும் தொந்தரவு செய்யக் கூடாது என்று இன்னொரு உத்தரவும் போட்டார். யான் முதல் நாள் நின்றாள். இரண்டாம் நாள் நாற்காலியில் உட்கார்ந்தாள். மூன்றாம் நாள் மேசையில் தலை வைத்துத் தூங்கிவிட்டாள். எழுப்ப வந்த ஆசிரியர் இரண்டாவது உத்தரவைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனார். அப்புறம் தினமும் தூங்கினாள்.

ஏப்ரலில் கல்வி அலுவலர் துவான் வந்தார், சொன்ன நேரத்துக்கு முன்பே. லின் ஹுவாவுக்குக் காய்ச்சல் என்று சொல்வதா, பெய்ஜிங் போயிருக்கிறான் என்று சொல்வதா என்று முதல்வரும் டீச்சரும் அறைக்குள் பேசி முடிப்பதற்குள், அலுவலர் தன் உதவியாளர்களோடு ராக்கெட் வகுப்புக்குள் நுழைந்துவிட்டார். பின்னாலேயே நாங்கள் ஓடினோம். பெயர்ப்பலகை வைத்த மேசை முன் அலுவலர் நின்றிருந்தார். மேசையில் யான் தூங்கிக்கொண்டிருந்தாள்.

"இதுதானா லின் ஹுவா?"

முதல்வர் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "இதுவேதாங்கய்யா."

"பையன்னு சொன்னீங்க."

"படிப்புல நாங்க அந்த பேதம் பார்க்கிறதில்லைங்கய்யா."

அலுவலர் அதை மெச்சிக் குறித்துக்கொண்டார். விடுதிக் கட்டிலை அன்றே பெண்கள் பக்கம் மாற்றினேன். துவானும் அந்தக் காலத்தில் இங்கிலீஷில் முதலாவதாக வந்தவர். யான் விழித்து எழுந்ததும் அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு இங்கிலீஷில் பேசினார். என் பணிக்காலத்தில் எங்கள் வளாகத்தில் நான் கேட்ட ஒரே இங்கிலீஷ் அதுதான்.

"நான் நலம், நன்றி, நீங்கள்?" என்றார்.

யான் அவரைப் பார்த்தாள். கண் திறந்திருந்தது. அவ்வளவுதான். "அன்புள்ள பீட்டர்," என்று ஆரம்பித்தாள். "நான் மாணவர் மன்றத் தலைவர் லின் ஹுவா. அடுத்த வெள்ளியன்று எங்கள் பள்ளியில் நடக்கும் காகிதம் வெட்டும் விழாவுக்குத் தங்களை அழைப்பதில் மகிழ்கிறேன். அது தங்கள் அறிவை விரிவாக்கும் என்பதில் ஐயமில்லை. தங்கள் பதிலை ஆவலுடன் எதிர்பார்க்கிறேன்."

அலுவலரின் கண் கலங்கியது. பதில் சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்க வேண்டும். வாயைத் திறந்தார், மூடினார். கடைசியில், "சி," என்றார்.

எல்லோரும் கை தட்டினோம். தட்டி முடிந்ததும் யான் எங்கள் பேச்சிலேயே சொன்னாள்: "ஐயா, என் பேரு கோங் யான்."

முதல்வரின் காதுமடல் சிவந்தது. துவான் குனிந்து அன்பாகச் சிரித்தார்.

"வீட்டுல கூப்பிடுற பேரா? என்னைக்கூட எங்க அம்மா நாய்க்குட்டின்னுதான் கூப்பிடும். அதெல்லாம் வீட்டோட இருக்கட்டும், கண்ணு." பிறகு எங்கள் பக்கம் திரும்பி உரையாற்றினார். "தோழர்களே, சில பேரு கேக்குறாங்க, இந்தப் பரிச்சை பிள்ளைங்களோட அறிவை அளக்குதான்னு. தப்பான கேள்வி. அறிவு இன்னிக்கு ஒண்ணா இருக்கும், நாளைக்கு ஒண்ணா இருக்கும். மார்க் மாறாது. ஆளுக்குத் தகுந்த மார்க்கைத் தேடுறது பழைய கல்வி. மார்க்குக்குத் தகுந்த ஆளைத் தேடிக் குடுக்கிறது நம்ம கல்வி. இந்தப் பள்ளி அதைச் செஞ்சு காட்டியிருக்கு." அங்கேயே உட்கார்ந்து, அயல்மொழிக் கல்லூரி இடம் லின் ஹுவாவுக்கு என்று கையெழுத்துப் போட்டார். குண்டுக் கையெழுத்து.

மறுநாள் முதல்வர் கோங்கைக் கூப்பிட்டனுப்பினார். நாற்காலி போட்டு, கொறிக்கச் சூரியகாந்தி விதை வைத்து உபசரித்தார்.

"இடம் உங்க பொண்ணுக்குத்தான். கொடுத்தாச்சு. பேரு ஒண்ணுதான் பாக்கி."

"சரிங்க. தாள்ல இருக்கிற பேரை மாத்திருங்க."

"அதுல நம்ம முத்திரை, மாவட்ட முத்திரை, கல்லூரி முத்திரை எல்லாம் விழுந்தாச்சு. அலுவலரே நேர்ல பார்த்துட்டுப் போயிட்டார். அதையெல்லாம் யாரு அழிக்கிறது? உங்க பொண்ணு மேல ஒரே ஒரு முத்திரைதான் இருக்கு. போலீஸ் ஸ்டேஷன்ல இருக்கிற குடும்பப் பதிவேட்டுல. அதை மாத்துறது சுலபம். பொறந்தப்ப பேரைப் பதிவு பண்ணதுல தப்பு நடந்துபோச்சுன்னு அப்பன் வாயால சொன்னாப் போதும்."

"எந்தத் தப்பும் நடக்கலைங்களே. நான்தான் பேரு வச்சேன்."

"யோசிச்சுச் சொல்லுங்க."

"லின் ஹுவான்னு யாரும் பொறக்கல," என்றார் கோங். "ஊரே சொன்னாலும் நான் சொல்ல மாட்டேன்." எழுந்து போய்விட்டார். விதையை ஒன்றுகூட உடைக்கவில்லை.

கல்லூரி பெயர் கேட்டு இரண்டு முறை போன் செய்தது. அந்த வார இறுதிக்குள் லின் ஹுவா வரவில்லை என்றால் இடம் வேறு பள்ளிக்குப் போய்விடும். யான் ஜூன் தேர்வுக்குத் திரும்ப ஓட வேண்டும். நான் கோங்கின் கடைக்குப் போனேன். பிரேக் மறுபடி கீச்சிட்டது, அதுவும் ஒரு காரணம். யான் பழுதுக்கு நின்ற ஒரு ஸ்கூட்டரின் மேல் உட்கார்ந்திருந்தாள்.

"நீங்களாவது சொல்லுங்க ஃபூ அண்ணே," என்று கோங் என்னிடம் ஆரம்பித்தார். "மாத்த வேண்டியது மார்க்குத் தாளைத்தானே, பொண்ணை இல்லையே."

"ரெண்டுல எது கனம் குறைச்சலோ அதைத்தானே நகர்த்துவாங்க," என்றேன்.

"அப்பா," என்றாள் யான். "மாத்திருப்பா."

"உனக்கு ஒண்ணுமே இல்லையாம்மா? உன் பேரு."

"லின் ஹுவா பேருலதானே மூணு வருஷமா எழுதுறேன். கோங் யான்னு எழுதினா எனக்கே அதைக் கோடு போட்டு அடிச்சிரணும்னு தோணுது." அவள் குரலில் வருத்தம் ஒன்றும் இல்லை. கடையில் என்ன சாமான் இருக்கிறது என்று சொல்கிற மாதிரி சொன்னாள். "எனக்கு எந்தப் பேருனாலும் சரிப்பா. தூங்கணும்."

கோங் என் பிரேக் கம்பியை முறுக்கினார். வேண்டிய அளவுக்கு மேலும் முறுக்கினார். அதன் பிறகு அந்த வண்டி நகரவே இல்லை.

வெள்ளிக்கிழமை போலீஸ் ஸ்டேஷனுக்குப் பள்ளி சார்பில் கூடப் போனவன் நான். சன்னலுக்குப் பின்னால் ஒரு இளம் அதிகாரி. மரியாதையான பையன். கணினியைப் பார்த்தான், பெண்ணைப் பார்த்தான், கோங்கைப் பார்த்தான். யான் சுவரோரப் பெஞ்சில் உட்கார்ந்த உடனேயே தூங்கிவிட்டிருந்தாள்.

"குடும்பப் பேரு கோங்லேருந்து லின்னுக்கு மாறுது. அம்மா குடும்பம் லின்னா?"

"இல்லைங்க," என்றார் கோங்.

"வளர்ப்புப் பிள்ளையா?"

"என் பிள்ளைங்க."

அதிகாரி சங்கடமாக என்னைப் பார்த்தான். நான் மாவட்ட அலுவலகத்தின் கடிதத்தைச் சன்னல் வழியே தள்ளினேன். படித்ததும் அவன் எழுந்தே நின்றுவிட்டான்.

"அந்த லின் ஹுவாவா இவங்க? எங்க அக்கா பையன் தினமும் இவங்க பேரைச் சொல்லித்தான் அடி வாங்குறான்." பெஞ்சைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டான். "மேலிடத்துலேருந்தும் போன் வந்துச்சு. நாங்க செஞ்சு குடுத்துருவோம். ஆனா விதின்னு ஒண்ணு இருக்கு மாமா. அப்பா வாயால கேட்டு நான் பதியணும். இந்தப் பொண்ணு பொறந்தப்ப லின் ஹுவான்னுதான் பொறந்துச்சு. நீங்க பதியும்போது தப்பா வேற பேரு சொல்லிட்டீங்க. இது நடந்துச்சா, இல்லையா?"

வரிசையில் பின்னால் நின்ற அம்மா செருமினாள். கோங் திரும்பிப் பெஞ்சைப் பார்த்தார். யானின் வாய் லேசாகத் திறந்திருந்தது. நெற்றி ஓரத்தில் முடி கொட்டின இடத்தில் புதிதாகப் பூனைமயிர் மாதிரிக் கொஞ்சம் முளைத்திருந்தது. ஸ்டேஷனில் யார் யாரோ வந்து போனார்கள், கதவு அடித்தது, அவள் அசையவில்லை. கோங் ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பனி கொட்டுற நாளு," என்றார், சன்னல் பக்கம் திரும்பாமலே. "ஆஸ்பத்திரியில ஹீட்டர் ஓடல. என் கோட்டுக்குள்ள வச்சுக்கிட்டேன். அழவே இல்ல. நர்ஸம்மா பயந்து பாதத்துல தட்டிப் பார்த்தாங்க. ஒண்ணுமில்ல, தூங்குதுன்னாங்க."

"யாருங்க?" என்று அதிகாரி விசைப்பலகையில் கை வைத்துக்கொண்டு கேட்டான்.

கோங் கிரீஸ் போகாத கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டார்.

"லின் ஹுவா," என்றார். "நடந்துச்சுங்க."